பூசணத்தின் கையால்

நெல் வயலில் தெளிக்கும் விஷத்துக்கு நம் விவசாயி வைத்திருக்கும் பெயர் மருந்து. ‘மருந்தடிக்கணும்’ என்றால் பூச்சிக்கு விஷம் தெளிக்க வேண்டும் என்று அர்த்தம். யாருடைய நோய்க்கு இந்த மருந்து என்று கேட்டால், பயிருடைய நோய்க்கு என்றுதான் பதில் வரும். பூச்சி என்று ஒரு உயிர் இந்த வாக்கியத்தில் இல்லை. அது பயிருக்கு வந்த நோயாக ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டது. நோயை நீக்குவது கொலையாகாது. இதே சொல் இன்னொரு இடத்திலும் வருகிறது. ‘மருந்தக் குடிச்சிட்டான்’ என்று ஒரு வீட்டிலிருந்து அலறல் கேட்டால், என்ன மருந்து, எதற்காக என்று நம் கிராமங்களில் யாரும் கேட்பதில்லை. பேச்சு வழக்கு நம் சிந்தனையாளர்களைவிடக் கறாராக யோசிக்கிறது என்று எனக்குப் பல சமயம் தோன்றியதுண்டு. ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் எவ்வளவு குறைவு என்று அது காட்டிவிடுகிறது.

இன்று அதே கடையில், அதே அலமாரியில், மருந்து என்ற அதே பெயரில் வேறொரு சரக்கும் இருக்கிறது. பொடியாகவும் கிடைக்கிறது, புட்டியில் திரவமாகவும் கிடைக்கிறது. பியூவேரியா, மெட்டாரைசியம் என்று லத்தீன் பெயர்கள். இரண்டும் பூசணங்கள்; பூச்சியின் உடம்பில் நோயாகப் புகுந்து அதைக் கொல்கிறவை. விஷம் மருந்தாக இருந்த இடத்தில் இப்போது நோயே மருந்தாக வந்திருக்கிறது. இதை வாங்கித் தெளிப்பவரும், தெளிக்கச் சொல்பவரும், வயலுக்கே போகாமல் ஆமோதிக்கும் நம்மைப் போன்றவர்களும் ஒரே காரணத்தைச் சொல்கிறோம்: இது இயற்கை முறை. பூசணத்தின்மேல் எனக்குப் புகார் இல்லை. சந்தேகம் அந்த வார்த்தையின்மேல்தான். ஒரு கொலையை இயற்கையின் கையால் செய்வித்தால் அந்தக் கொலை யாருடையது?

கேள்வி அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பூச்சியை எடுத்துக்கொள்வோம். புகையான். பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நீளத்தில் ஒரு அரிசியைத் தாண்டாது. நெற்பயிரின் தூரடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, வெயில் படாத ஈரத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு வயல் பச்சையாகத்தான் தெரியும். பிறகு ஒருநாள் வயலின் நடுவில் வட்டமாக ஒரு இடம் புகைந்து போனதுபோல் காய்ந்து கிடக்கும். நாளாக ஆக வட்டம் அகலும். தீ இல்லாமல் தீய்ந்த பயிர். இந்தப் பெயரை வைத்தவன் யாரோ, நல்ல கவி. இடம் நெருக்கடியானால் நீண்ட சிறகுள்ள புகையான்கள் உருவாகின்றன. அவை காற்றோடு கிளம்பிக் கடலையும் கடக்கும். ஆண்டுதோறும் வியட்நாம் பக்கத்திலிருந்து சீனாவுக்கும், சீனாவிலிருந்து ஜப்பானுக்கும் அவை போய்ச் சேர்கின்றன.

புகையான் இலையைத் தின்பதில்லை. ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் இறக்கிச் சாற்றை மட்டும் எடுக்கிறது. ஆகவே இலைமேல் தூவிய பாக்டீரியாவோ வைரஸோ அதன் வயிற்றுக்குள் போக வழியில்லை. தின்னப்படாமலே, தோல் வழியாக உள்ளே போகத் தெரிந்த நோய் வேண்டும். பூசணத்துக்கு அந்த வித்தை தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்து பூச்சியின் மேல்தோலில் ஒட்டுகிறது. போதுமான ஈரமிருந்தால் முளைக்கிறது. முளையின் நுனி ஒரு சிறு அழுத்துறுப்பாகப் பருத்துத் தோலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பாதி அழுத்தத்தால், பாதி தோலைக் கரைக்கும் நொதிகளால் துளைத்து உள்ளே இறங்குகிறது. உள்ளே போனபின் இழையாக வளர்வதை விட்டுவிட்டுச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து ரத்தத்தில் பெருகுகிறது. பூச்சியின் ரத்த அணுக்கள் அதை அடையாளம் கண்டு சூழ வரும்; மெட்டாரைசியம் அவற்றை ஏமாற்றத் தன்மேல் ஒரு புரதப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. இதெல்லாம் நான்கு நாளிலிருந்து பத்து நாள் வரை நடக்கும். அதுவரை பூச்சி உயிரோடுதான் இருக்கிறது. செத்தபிறகு, காற்றில் ஈரமிருந்தால், பூசணம் தோலை உள்ளிருந்து கிழித்துக்கொண்டு வெளியே வந்து உடம்பு முழுவதையும் மூடும். பியூவேரியா வெள்ளையாக, மெட்டாரைசியம் முதலில் வெள்ளையாக, பிறகு பச்சையாக. பூசணம் பூக்கிறது என்கிறோம் தமிழில். இந்த வினைச்சொல்லும் யோசிக்கத் தக்கது.

இவ்வளவு விவரமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. இயற்கை முறை என்ற வார்த்தை நம் மனதில் எழுப்பும் பிம்பம் மென்மையானது. நடப்பது மென்மையானதல்ல. விஷம் நரம்பைத் தாக்கிச் சில மணி நேரத்தில் முடிப்பதைப் பூசணம் ஒரு வாரமாக நீட்டுகிறது. பூச்சிக்கு வலி உண்டா என்று நமக்குத் தெரியாது என்பார்கள்; சரி. ஆனால் பாலைவன வெட்டுக்கிளிக்கு மெட்டாரைசியம் தொற்றினால் அது வெயிலைத் தேடிப்போய் உட்கார்ந்து தன் உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது. அந்தச் சூட்டில் பூசணத்தின் வளர்ச்சி தடைப்பட்டுப் பூச்சியின் ஆயுள் நீள்கிறது. இது பரிசோதனைகளில் நிறுவப்பட்ட விஷயம். காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளும் ஒரு பூச்சி. வலிக்கிறதா என்ற கேள்விக்கு இது பதிலாகாமல் இருக்கலாம். சாவை அது எதிர்க்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கருணையின் பெயரால் பூசணத்தைச் சிபாரிசு செய்ய முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

இந்த முறையின் சரித்திரத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. பூச்சியைக் கொல்லும் பூசணத்தைக் கண்டுபிடித்தவர் பூச்சியைக் காப்பாற்ற முயன்ற மனிதர். இத்தாலியில் லோதி நகரத்துக்காரரான அகோஸ்தினோ பாஸ்ஸி. பட்டுப்புழுக்கள் திடீரென்று இறுகி, வெள்ளைப் பொடி பூசி, சுண்ணாம்புக் கட்டிபோல் ஆகிச் செத்துக்கொண்டிருந்தன. காற்றின் கோளாறு, தீவனத்தின் கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது. பாஸ்ஸி கால் நூற்றாண்டுக்குமேல் இதன் பின்னாலேயே அலைந்தார். கண்பார்வை கெட்டது. கடைசியில் 1835-இல், ஒரு புழுவிலிருந்து இன்னொரு புழுவுக்குத் தொற்றும் உயிருள்ள பூசணமே நோயின் காரணம் என்று அச்சிட்டார். ஒரு நுண்ணுயிர் ஒரு பிராணிக்கு நோயுண்டாக்கும் என்று முதன்முதலில் நிரூபிக்கப்பட்டது இதில்தான். பாஸ்டர் பட்டுப்புழுவிடம் வருவதற்கு முப்பது வருஷம் முன்பு. அந்தப் பூசணத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: பியூவேரியா பேசியானா. புழுவைக் காக்க உழைத்தவரின் பெயர் இன்று புழுவைக் கொல்லும் பொட்டலத்தின்மேல் அச்சாகிறது.

அடுத்து வந்தவர் மெட்ச்னிகாஃப். 1879-இல் ஒடெஸ்ஸா பக்கம் கோதுமைக் கதிரை அழித்த வண்டுகளில் பச்சைப் பூசணத்தைப் பார்த்து, இதை வேண்டுமென்றே வளர்த்து வயலில் விதைத்தால் என்ன என்று யோசித்தார். நோயை விதைப்பது. 1884-இல் ஸ்மேலா என்ற ஊரில் கிராஸில்ஷ்சிக் அதைப் பெருமளவில் தயாரித்தும் காட்டினார். அதே 1884-இல் மெட்ச்னிகாஃப் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். டாஃப்னியா என்ற கண்ணாடி போன்ற சிறு நீர்ப்பிராணியின் உடம்புக்குள் பூசண வித்துகள் நுழைவதையும், அதன் அணுக்கள் வித்துகளை வளைத்து விழுங்குவதையும் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது. உடம்பு தன்னைத் தற்காத்துக்கொள்வது பற்றிய சித்தாந்தத்துக்கு அது ஒரு அடிப்படை. 1908-இல் நோபல் பரிசும் வந்தது. ஐந்து வருஷ இடைவெளியில் ஒரே மனிதர் ஒரு பக்கம் பூசணத்தின் கட்சியிலும் மறுபக்கம் அது நுழைந்த உடம்பின் கட்சியிலும் நின்றிருக்கிறார். இதை முரண்பாடு என்று சுட்டிவிட்டுப் போவது சுலபம். வண்டுக்கும் டாஃப்னியாவுக்கும் இடையில் இருந்த ஒரே வித்தியாசம், ஒன்று நம் கோதுமையைத் தின்றது, மற்றது தின்னவில்லை என்பதுதான்.

இனி ‘கையால்’ என்ற விஷயத்துக்கு வரலாம். செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒரே வினையாகக் கணக்கில் வைப்பது சமண நெறி. கிருதம், காரிதம், அனுமோதனம் என்று சொல்வார்கள். பூசணத்தை ஏவுவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் காரிதம். நான் கொல்லவில்லை, பூசணம் கொன்றது என்ற வாதம் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்காது. ஊரிலிருந்து தலையாட்டும் நம் பங்கு மூன்றாவது. அந்த நெறி இந்த இடத்தில் நின்றுவிடவுமில்லை. கொல்ல வேண்டும் என்றே கருதிச் செய்வது, வீட்டுவேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்க வந்ததைத் தடுக்கும்போது நேர்வது என்று ஹிம்சையை நான்காகப் பிரித்து, முதலாவதை இல்லறத்தானும் அறவே விடவேண்டும், மற்ற மூன்றும் அவனால் முற்றிலும் தவிர்க்க முடியாதவை என்று வைத்தது. சமணம் உழவைத் தவிர்த்து வணிகத்துக்குப் போன கதை நமக்குத் தெரியும். ஆனால் வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் பரம்பரையாக உழுகிறவர்கள். கலப்பையின் கீழ் எத்தனை உயிர் போகும் என்பதை அவர்களைவிட யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. எண்ணிப் பார்த்தும் உழுதார்கள். இந்த நிலைமை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொலையில்லாத வயல் என்று ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதனால் எல்லாக் கொலையும் ஒன்றுதான் என்ற முடிவுக்கும் போகாமல் இருப்பது.

நம் பொது மரபு இந்த இடத்தில் சமணரைவிடச் சௌகரியமாக நடந்துகொண்டது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த அதே குறளில், செங்கோன்மையில், அரசன் விதிக்கும் மரணதண்டனைக்கு உவமையாக வருவது களையெடுப்பு. வயலில் நடப்பது கொலையாகத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தால்தான் அது மனிதக் கொலைக்கு நியாயம் சொல்லும் உவமையாக முடியும். களை, பூச்சி, புழு ஆகிய சொற்கள் வயலிலிருந்து எழுந்து எந்தெந்த மேடைக்கெல்லாம் போயிருக்கின்றன என்று இந்த இதழைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, காரிதம்தான். விஷமும் பூசணமும் இந்த விஷயத்தில் சமம். சட்டம் இதில் விளம்பரங்களைவிட நேர்மையாக இருக்கிறது: 1968-இன் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்தான் இந்தியாவில் பூசணமும் பதிவாகிறது. பிறகு வித்தியாசம் எங்கே? இருக்கிறது என்றே நினைக்கிறேன். அது கொல்லும் முறையில் இல்லை. எதோடு நிறுத்திக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

விஷத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1966-இல் ஐ.ஆர்.8 வந்தது. அடர்ந்த பயிர், நிறைய தழைச்சத்து, வருஷம் முழுக்க நெல். அதுவரை சில்லறைப் பூச்சியாக இருந்த புகையான் பெரிய கொள்ளையாக மாறியது. 1973-74-இல் கேரளத்து வயல்களைத் தீய்த்தது. புகையானைத் தாங்கும் ரகம் என்று 1973-இல் ஐ.ஆர்.26 வந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் பூச்சி அதற்குப் பழகிக்கொண்டது. 1976-இல் ஐ.ஆர்.36, அதுவும் இந்தோனேஷியாவில் சில ஆண்டுகள்தான் தாங்கியது. எல்லா இடத்திலும் கூடவே விஷம். அங்குதான் அந்த அபத்தம் வெளிப்பட்டது. எவ்வளவு தெளித்தார்களோ அவ்வளவு புகையான் வந்தது. காரணம் எளிமையானது. புகையான் முட்டையை இலையுறையின் சதைக்குள் வைக்கிறது. தெளிப்பு அங்கே எட்டாது. ஆனால் தூரடியில் புகையானைத் தின்று வாழும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் வெளியே இருக்கின்றன. அவை முதலில் சாகின்றன. முட்டை பொரித்து வரும் குஞ்சுக்குக் கிடைப்பது எதிரியே இல்லாத வயல். பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் போன்றவர்கள் இதை வயலில் வைத்தே நிரூபித்தார்கள். 1986 நவம்பரில் இந்தோனேஷிய அரசு ஒரு ஜனாதிபதி ஆணையால் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தது. அதுவரை மருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்துவந்தது. 1989-க்குள் மானியமும் போயிற்று. அதைச் செய்தது சுஹார்த்தோவின் அரசு என்பது, நல்ல காரியம் நல்லவர்களால்தான் நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தொந்தரவு.

விஷத்தின் உள்ளே ஒரு லட்சியம் இருக்கிறது: காலியான வயல். நெல்லைத் தவிர வேறு எதுவும் உயிரோடில்லாத வயல். அது கைகூடியதேயில்லை; கைகூடும் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு தெளிப்பும் நடக்கிறது. பூசணத்துக்கு இந்த லட்சியம் இருக்க முடியாது. பூசணத்துக்குப் புகையான் வேண்டும். ஒரு சவத்திலிருந்து அடுத்த உயிருக்குத் தாவினால்தான் அதற்கு வாழ்வு. கூட்டம் அடர்த்தியாக இருக்கும்போது அது வேகமாகப் பரவுகிறது. கூட்டம் கலைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆனதும் தொற்று அறுந்துபோகிறது. மிச்சம் சில பூச்சிகள் எப்போதும் இருக்கும். அந்த மிச்சத்தை நம்பித்தான் சிலந்தியும் இருக்கும். ஆகப் பூசணத்தோடு விவசாயம் செய்கிறவன், எதிரி ஒருநாளும் முழுவதுமாகப் போகமாட்டான் என்ற நிலைமையை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். அவன் கருணையுள்ளவனாக இருக்க வேண்டியதில்லை. சமணனாகவும் இருக்க வேண்டியதில்லை. முழு வெற்றி என்ற எண்ணத்தை விட்டுவிட்டவனாக இருந்தால் போதும். இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் முழு வெற்றி என்ற எண்ணத்தின் பெயரால் நடந்தவற்றை யோசித்தால், இது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இதுவும் கெடக்கூடியதே, கெட்டுக்கொண்டும் இருக்கிறது. பூசணத்தைப் புட்டியில் அடைத்து, ஹெக்டேருக்குப் பல லட்சம் கோடி வித்துகள் என்று கணக்கிட்டு, மூன்றாம் நாள் ‘ரிசல்ட்’ எதிர்பார்த்துத் தெளிக்கும்போது, அது மெதுவாக வேலை செய்யும் மட்டமான விஷமாக ஆகிவிடுகிறது. விஷத்தின் லட்சியத்தைப் பூசணத்தின்மேல் ஏற்றுகிறோம். அது நிறைவேற்றாதபோது பழையபடி விஷத்துக்கே போகிறோம். 1980-களின் நடுவில் லாஸ் பான்யோஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பியூவேரியா, மெட்டாரைசியம், ஹிர்சுடெல்லா ஆகியவற்றைப் புகையான்மேல் வயலிலேயே தெளித்துப் பார்த்தார்கள். கொன்றன. ஆனால் பூசணத்துக்கு நிழலும் ஈரமும் வேண்டும். நேர் வெயிலில் வித்து சில மணி நேரத்தில் செத்துவிடும். நெருக்கமாக வளர்ந்த நெல்லின் தூரடி அதற்குத் தோதான இடம். மாலையில் தெளிக்க வேண்டும், வட்டம் விழுவதற்கு முன்பே தெளிக்க வேண்டும். அதற்கு வாரம் ஒருமுறையாவது குனிந்து தூரை விலக்கிப் பார்த்து எண்ண வேண்டும். இந்தப் பார்வையே பாதி வைத்தியம்.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் மறித்தார். வட்டம் விழுந்த வயலுக்குச் சொந்தக்காரனிடம் போய்ப் பத்து நாள் பொறு என்று சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்றார். நியாயமான கேள்வி. சொந்த நிலமும் அடுத்த போகம் வரை சாப்பாடும் உள்ளவனுக்குப் பொறுமை ஒரு குணம். குத்தகைக்காரனுக்கு, வட்டிக்கு வாங்கி நட்டவனுக்கு, பொறுமை என்பது அவனிடம் இல்லாத ஒரு மூலதனம். பத்து நாளில் புகையான் முழு வயலையும் தீய்த்துவிடக் கூடும். அவன் கையிலிருக்கும் விஷப்புட்டிக்காக அவனைப் பாவி என்று சொல்வது, அவன் நிலைமையைச் சுத்தமாக மறைத்துவிட்டுப் பேசும் அறம். மிச்சத்தை விட்டுவைக்கும் விவசாயம் சாத்தியமாக வேண்டுமானால், ஒரு போகம் கொஞ்சம் நஷ்டமானாலும் மனிதன் மிச்சமிருப்பான் என்ற உத்தரவாதம் முதலில் வேண்டும். பூச்சிக்கும் மனிதனுக்கும் இடையிலான இந்தப் பிரச்னை, குத்தகை, கடன், பயிர்க் காப்பீடு வழியாகத்தான் தீரும் அல்லது தீராது. இயற்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம்மவர்கள் இந்த மூன்று வார்த்தைகளையும் ஏன் அருவருப்போடு ஒதுக்குகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததேயில்லை.

நண்பன், எதிரி என்ற பிரிவுக்கு இன்னும் ஒரு முறை வருகிறேன். வேளாண் பிரசுரங்களில் ‘நன்மை செய்யும் பூச்சி’, ‘தீமை செய்யும் பூச்சி’ என்று இரண்டு பட்டியல் இருக்கும். குழந்தைக் கதை மாதிரி. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நெல்லும் உண்டு, பட்டுப்புழு வளர்ப்பும் உண்டு. நெல்லுக்குக் காவலாக வரும் அதே பியூவேரியா அடுத்த தோட்டத்துப் புழுக்கூடத்தில் தட்டுத்தட்டாகப் புழுக்களைச் சுண்ணாம்பாக்கிவிடும். அதனால்தான் மல்பெரிக்குப் பக்கத்தில் இதைத் தெளிக்காதே என்கிறார்கள். ஒருவனுடைய காவலாளி இன்னொருவன் வீட்டில் பாஸ்ஸி காலத்துக் கொள்ளைநோய். நெல்லுக்குள்ளேயே பார்த்தாலும் இதே கதை. நெல்லைக் கொல்லும் குலைநோயும் ஒரு பூசணம்தான். அதுவும் முளைத்து, நுனியில் அழுத்துறுப்பைப் பருக்கவைத்து, வளிமண்டலத்தைப்போல் எண்பது மடங்கு வரை அழுத்தத்தை உள்ளே சேர்த்து இலையைத் துளைக்கிறது. இலையைத் துளைப்பதும் பூச்சியைத் துளைப்பதும் ஏறக்குறைய ஒரே கருவி. குலைநோய்க்கு அடிக்கும் பூசணக்கொல்லிக்கு இந்த வேறுபாடு தெரியாது. நமக்கு வேண்டிய பூசணத்தையும் சேர்த்து முடித்துவிடும்.

2012-இல் கனடாவில் வெளியான ஒரு ஆய்வு இதை இன்னும் சிக்கலாக்கியது. மெட்டாரைசியம் மண்ணில் செடியின் வேரோடு ஒட்டி வாழக்கூடியது. தான் கொன்ற பூச்சியின் உடம்பிலிருந்து நைட்ரஜனை எடுத்து அது செடிக்குக் கடத்துகிறது என்று, அடையாளமிட்ட நைட்ரஜனைக் கொண்டு காட்டினார்கள். அவரையினச் செடியிலும் ஒரு புல்லிலும் பார்த்தது; நெல்லில் அல்ல. ஆனாலும் நம் கவிதைகளில் எதுவும் அறியாத அப்பாவியாக நிற்கும் பச்சையை இனி அதே கண்ணோடு பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. செய்வித்தல் மனிதனோடு ஆரம்பிக்கவில்லை. செடிக்குக் கருத்து இல்லை, அதனால் வினை இல்லை என்று சமணரே சொல்லக்கூடும். அல்லது ஓரறிவுயிருக்கும் வினை உண்டு என்று இன்னும் கடுமையாகச் சொல்லவும் கூடும். நமக்குக் கருத்து உண்டு என்பதுதான் இங்கே நமக்கும் செடிக்கும் வித்தியாசம். அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கடைசியாக, இந்தப் பூசணம் எதில் வளர்கிறது என்பது. நொய்யரிசியில். ஊறவைத்த அரிசியைப் பாலித்தீன் பையில் போட்டு ஆவியில் வேகவைத்து, ஆறியபின் சுத்தமான இடத்தில் தாய்வித்தைக் கலந்து கட்டிவைத்தால், இரண்டு வாரத்தில் சோற்றின்மேல் பச்சை படர்ந்துவிடும். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில், கான் தோவிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டலோடு, விவசாயிகள் தங்கள் வீடுகளிலேயே இதைச் செய்கிறார்கள். பச்சைப் பூசணம் என்றுதான் அவர்கள் மொழியிலும் பெயர். போன போகத்து அரிசியை உண்டு வளர்ந்த பூசணம் இந்தப் போகத்து நெல்லுக்குப் போகிறது. கடையில் வாங்கும் புட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விலை மட்டுமல்ல. தன் அடுப்பில் வேகவைத்துத் தன் கையால் வளர்த்ததைத் தெளிப்பவனுக்கு, இயற்கை செய்தது என்று சொல்லிக்கொள்ள இடம் குறைவு.

இன்னொன்று, இது சேமித்து வைக்க உதவாது. இலங்கையில் 1995-இல் மிகக் கொடிய வகை மருந்துகளைத் தடை செய்தார்கள், 1998-இல் எண்டோசல்பானையும். அந்த 1995-இல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை 2005-இல் 24 ஆகக் குறைந்தது. அந்த மனிதர்களின் துக்கமோ கடனோ பத்து வருஷத்தில் பாதியாகிவிடவில்லை. எட்டும் தூரத்தில் அந்தப் புட்டி இல்லை, அவ்வளவுதான். விஷப்புட்டி எரவாணத்தில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும். பூசணப் பொட்டலத்தை அங்கே செருகிவைத்தால் சித்திரை வெயிலில் வித்தெல்லாம் சில மாதத்தில் உயிர்விட்டுப் பச்சை மங்கிப்போகும். அடுத்த நடவுக்கு மறுபடி அரிசி ஊறவைக்க வேண்டும்.